காப்புரிமை விண்ணப்பத்தில் சொல் தேர்வு

காப்புரிமை விண்ணப்பத்தில் சொல் தேர்வு என்பது, ஒரு கண்டுபிடிப்புக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எதுவரை செல்லும் என்பதை முடிவு செய்யும் பணியாகும். இந்தியாவில் காப்புரிமைச் சட்டம், 1970 இன்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குக் காப்புரிமை நீடிக்கிறது. இந்த 20 ஆண்டுகளும் சட்டம் காப்பது பட்டறையில் செய்து வைத்த கருவியை அன்று, விண்ணப்பத்தில் எழுதிய வாக்கியத்தையே. வாக்கியத்தில் இடம்பெறாத புதுமை, கருவியில் இருந்தாலும் பாதுகாப்புப் பெறாது.

இரண்டு வால்வா, மூன்று வால்வா?

இதற்குத் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் பஜாஜ் ஆட்டோ, டிவிஎஸ் மோட்டார் நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கு. டிவிஎஸ் ஆலை அமைந்துள்ள ஓசூர், 2004 இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்படும் வரை, பாலக்கோட்டைப் போலவே தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்.

சிறிய எஞ்சினில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு ஸ்பார்க் பிளக்குகளைப் பொருத்தி, எரிபொருள் குறைந்த கலவையையும் நன்றாக எரியச் செய்யும் முறைக்கு பஜாஜ் 2002 ஜூலையில் விண்ணப்பித்தது. 2005 இல் 195904 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதன் முதல் உரிமைக்கோரலில் மூன்று வரம்புகள் கவனிக்கத்தக்கவை. உருளையின் உள்விட்டம் 45 மி.மீ. முதல் 70 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஓர் உருளைக்கு இரண்டு வால்வுகள் இருக்க வேண்டும். பிளக்கில் எண்ணெய் படாதபடி காக்கும் உறை ஒன்றும் இருக்க வேண்டும்.

டிவிஎஸ் 2007 இறுதியில் அறிமுகப்படுத்திய 125 சிசி 'பிளேம்' வண்டியில் பிளக்குகள் இரண்டு, வால்வுகளோ மூன்று. சிறிய எஞ்சினில் இரட்டைப் பிளக் என்பதே கண்டுபிடிப்பின் சாரம், வால்வு கூடுவதால் அது மாறாது என்றது பஜாஜ். இரண்டு வால்வு என்று எழுதியவர் மூன்று வால்வுக்கு உரிமை கோர முடியாது, இரட்டைப் பிளக்கும் புதியதன்று என்றது எதிர்த்தரப்பு. தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை விதித்தார். அதன்பின் பிளேம் ஒற்றைப் பிளக்குடன் விற்பனைக்கு வந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணக்கு வைத்துக்கொண்டு டிவிஎஸ் விற்கலாம் என்றும், வழக்கை விரைந்து முடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆனால் வழக்கு இறுதித் தீர்ப்பு வரை போகவே இல்லை. 2019 இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. 'இரண்டு வால்வு' என்ற சொற்களின் எல்லை இன்றுவரை தீர்க்கப்படாத கேள்விதான்.

உரிமைக்கோரலின் அகலம்

சட்டத்தின் 10 ஆவது பிரிவு, கண்டுபிடிப்பை முழுமையாக விவரிக்கவும், விண்ணப்பதாரர் அறிந்த சிறந்த செய்முறையை வெளியிடவும், இறுதியில் உரிமைக்கோரல்களைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதவும் கோருகிறது. விளக்கப் பகுதி கற்றுக்கொடுக்கிறது, உரிமைக்கோரல் வேலி போடுகிறது. விளக்கத்தில் அடித்தளம் இல்லாத கோரல் நிற்காது.

பாலக்கோடு தக்காளிச் சந்தையில் பழங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் சாய்வுத் தட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். இடைவெளி படிப்படியாக அகலும் கம்பிகளின்மேல் பழங்கள் உருண்டு, சிறியவை முதலிலும் பெரியவை கடைசியிலும் கூடையில் விழும். (இந்த முறை பழையது, விளக்கத்துக்காக மட்டுமே இங்கே.) "இரும்புக் கம்பிகள்" என்று எழுதினால், அடுத்த ஊர்க்காரர் பிளாஸ்டிக் குழாய்களை வைத்து அதையே செய்துவிடுவார். பயந்துபோய், "பழங்களைப் பிரிக்கும் எந்த அமைப்பும்" என்று எழுதினால், பழைய சல்லடை ஒன்றைக் காட்டியே தேர்வாளர் அதை மறுத்துவிடலாம். எனவே முதல் கோரலில் "நீள்வாட்டான தாங்கு உறுப்புகள்" போன்ற பொதுச்சொல்லும், அதைச் சார்ந்த அடுத்தடுத்த கோரல்களில் உலோகம், விட்டம், சாய்வுக் கோணம் என்று குறுகும் விவரங்களும் இடம்பெறுவது வழக்கம். அகலமான கோரல் வீழ்ந்தாலும் குறுகிய கோரல் பிழைக்கக்கூடும்.

இணைப்புச் சொற்களும் அற்பமானவை அல்ல. "இவற்றை உள்ளடக்கியது" என்றால் கூடுதலாக ஓர் உறுப்பைச் சேர்த்தவரும் சிக்குவார். "இவை மட்டுமே கொண்டது" என்றால் ஒரு திருகைக் கூட்டி அவர் தப்பலாம். "மெல்லிய", "வேகமான", "சுமார்" ஆகியவை அளவுகோல் இன்றி வந்தால் தெளிவின்மை என்ற ஆட்சேபத்தை வரவழைக்கும். ஒரே உறுப்பை ஓரிடத்தில் "தட்டு" என்றும் வேறிடத்தில் "பலகை" என்றும் குறித்தால் இரண்டு உறுப்புகள் என்று பொருள் கொள்ள இடமுண்டு. பள்ளிக் கட்டுரைக்கு அழகு சேர்க்கும் சொல்மாற்றம் இங்கே பிழையாகிவிடுகிறது.

பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவது ஆபத்து. 59 ஆவது பிரிவின்படி திருத்தத்தால் கோரலைக் குறுக்கலாம், விரிக்க முடியாது. தற்காலிக விவரக்குறிப்பை முதலில் அளித்தவருக்கு, முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் உண்டு. ஆனால் தற்காலிகக் குறிப்பில் இல்லாத அம்சத்துக்கு அந்த முந்தைய தேதி கிடைக்காது.

மொழிச் சிக்கல்

காப்புரிமை விதிகள், 2003 இன்படி ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் யோசித்துத் தமிழில் குறிப்பெடுக்கும் பட்டறைக்காரரின் சொற்கள், சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும்முன் மொழி மாற வேண்டியுள்ளது. தமிழில் 'கம்பி' என்பது வளையும் வயரும் ஆகும், வளையாத ராடும் ஆகும். 'குழாய்' என்பது தண்ணீர் ஓடும் பைப்பையும் அதைத் திறந்து மூடும் டேப்பையும் குறிக்கும். மொழிபெயர்ப்பவர் தட்டை நேரில் பார்க்காமல் 'வயர்' என்று எழுதிவிட்டால், ராடு வைத்துச் செய்பவரை அந்தக் கோரலைக் கொண்டு தடுப்பது கடினம். ஒவ்வொரு உறுப்புக்கும் வரைபடத்தில் எண்ணிட்டு, அந்த எண்ணோடு சேர்த்தே தமிழ்க் குறிப்பை எழுதிக் கொடுத்தால் இத்தகைய குழப்பம் பெருமளவு குறையும்.