ஆஸிலோஸ்கோப்புக்குக் குளியல்! தெரியுமா?

தேனி, போடி, கம்பம் பக்கம் பழைய டிவி மெக்கானிக் கடை எதற்குள்ளாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மொட்டை மாடியில் உயர உயரமாய் ஆண்டெனா நட்டு, தென் தமிழகம் இலங்கை ரூபவாஹினிக்குத் தவம் கிடந்த 1980-களின் மீட்டர்கள், இன்னும் சில கடைகளில் பரண்மேல் தூசி படிந்து கிடக்கும். பழைய சாமான்தானே என்கிறீர்களா? இதைக் கேளுங்கள்!

அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், சர்வீஸுக்கு வந்த ஆஸிலோஸ்கோப்புகளை (மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) என்ன செய்தது தெரியுமா? சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியது! வால்வு, வயர் எல்லாம் உள்ளே இருக்கும்போதே! அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, மிதமான சூட்டில் காய வைத்துத்தான் மின்சாரம் கொடுத்தார்கள். (இதைப் படித்துவிட்டு வாட்டர் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்! டிரான்ஸ்பார்மரில் ஈரம் தங்கினால் கதை கந்தல்.)

அதே பெட்டிக்குள் வெள்ளியும் உண்டு! பாகங்களைப் பற்ற வைக்கும் பீங்கான் பட்டைகளில் வெள்ளிப் பூச்சு. சாதாரண ஈயம் அதைக் கரைத்துவிடும் என்று, வெள்ளி கலந்த ஈயக் கம்பிச் சுருள் ஒன்றை உள்ளேயே மாட்டி அனுப்பினார்கள்!

சரி, பழைய முள் மல்டிமீட்டரில் முள்ளைக் கடைசிக் கோடு வரை தள்ள எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? பல மாடல்களில் வெறும் 50 மைக்ரோ ஆம்பியர்! ஒரு ஆம்பியரில் 20,000-ல் ஒரு பங்கு!

அந்த மீட்டரின் பிளாஸ்டிக் முகப்பைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். ஒயரே செருகாமல் முள் தானாக எழுந்து அந்தரத்தில் நிற்கும்! பேயா? இல்லை, தேய்த்ததில் பிறந்த நிலைமின்சாரம்! மருந்து? சோப்புத் தண்ணீர் தொட்ட ஈரத் துணியால் ஒரே ஒரு இழுப்பு. முள் சமர்த்தாகப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்!

கசிந்த அல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பூப்புக்கு? சில சொட்டு வினிகர்! பிறகு ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும்.

வருஷக்கணக்கில் தூங்கிய கருவியை எப்படி எழுப்புவார்கள்? நேராக பிளக்கில் செருகினால் பழைய கண்டென்சர் 'டப்'! அனுபவசாலி மெக்கானிக் சீரிஸ் போர்டை எடுப்பார். நடுவில் 100 வாட் குண்டு பல்பு. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட்! ஒரு சாதாரண பல்பு பல்லாயிரம் ரூபாய்க் கருவியைக் காப்பாற்றுகிறது!

பல்பு என்றதும் இன்னொன்று! ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் முதல் ஆஸிலேட்டரில் (சோதனைக்கான ஒலி அலையை உண்டாக்கும் கருவி) ஒலி அளவை நிலையாக வைத்திருந்தது ஒரு சின்ன பல்புதான்! அதன் அடுத்த மாடலில் 8 கருவிகளை வாங்கியவர் யார் தெரியுமா? 'ஃபேன்டேசியா' படத்துக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம்!

பிரிட்டனின் ஏவோ மீட்டர் என்ற முள் மல்டிமீட்டரோ 1923-ல் பிறந்து 2008 வரை தயாரிப்பில் இருந்தது. 85 ஆண்டுகள்!

ஒரு எச்சரிக்கை: ஆஸிலோஸ்கோப்பின் பிக்சர் டியூப், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பல ஆயிரம் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்! மூடியைத் திறப்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றுமுன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்!