சுதேசி எலும்புக்கூடு

எலும்புக்கூடு என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வருகிறது? நடுநிசி, சுடுகாடு, புளியமரம், அதன் கிளையில் தொங்கும் வேதாளம்! பிறந்த நாள் முதல் ஒரு கணமும் ஓயாமல் நம்மைத் தாங்கி நிற்கும் உற்ற நண்பனை இப்படிப் பேயாக்கி வைத்திருக்கிறோமே, இது நியாயமா?

இந்தக் கேள்வி நமக்குத் தூத்துக்குடியில் உதயமாயிற்று. கடற்கரைக்குச் சமீபத்தில் ஒரு நண்பர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். நண்பரின் புதல்விக்கு வயது ஆறு. அன்று பள்ளிக்கூடத்தில் பெரிய படமொன்றைச் சுவரில் மாட்டி, "மனித எலும்புகள் மொத்தம் 206, மனப்பாடம் செய்யுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாலையில் வீடு திரும்பிய குழந்தை, பாட்டியின் மடியில் போய் விழுந்து விம்மினாள்.

"ஆச்சி, எனக்குள்ளயும் அந்தப் பேய் இருக்காம்லா! எடுத்துப் போட்டிருங்க!"

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்ததில் இது சிரிக்கத்தக்க விஷயமல்லவென்று தோன்றியது. 206 என்ற எண் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் தன் உடம்பைக் கண்டே அஞ்சும் பயமும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது.

ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. "ஏட்டி, உன் முழங்கையைத் தொட்டுப் பாரு. கல்லு மாதிரி இருக்கா? அதுதான் உன் பேய். அது மட்டும் இல்லேன்னா நீ வெறும் சாக்குப்பை மாதிரி சுருண்டு கிடப்பே" என்றார்.

குழந்தை முழங்கையைத் தொட்டாள், முழங்காலைத் தொட்டாள், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தாள். விம்மல் நின்றுவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் விளைமீன் குழம்பு. சதையை எடுத்த பிறகு தட்டில் எஞ்சிய நடுமுள்ளை ஆச்சி நிமிர்த்திக் காட்டினார். கோத்த மணிகளைப் போல் சிறு சிறு துண்டுகள்! குழந்தையின் விரலைப் பிடித்து அவளுடைய முதுகிலேயே வைத்து, மேலிருந்து கீழே தடவச் செய்தார். அங்கேயும் அதே மணிகள்! பிறக்கும்போது மனிதனுடைய முதுகெலும்பில் 33 துண்டுகள் இருக்கின்றன. வளர வளர அடியிலுள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 26 ஆகின்றன. மீனுக்கும் மனிதனுக்கும் இயற்கை ஒரே மாதிரி அஸ்திவாரம் போட்டிருக்கிறது என்னும் பெரிய சாஸ்திர உண்மை, ஒரு சாப்பாட்டுத் தட்டில் விளங்கிவிட்டது.

மறுநாள் விடுமுறை. வீடே வித்தியாசாலையாகிவிட்டது. காலியான நூற்கண்டுக் கட்டைகளைக் கயிற்றில் கோத்து, இடையிடையே பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வில்லைகளை வைத்தோம். வளைத்தால் வளைந்தது; விட்டால் நிமிர்ந்தது. கட்டைதான் எலும்பு, ரப்பர்தான் எலும்புகளுக்கு நடுவேயுள்ள மெத்தை, நடுவில் ஓடும் கயிறு, மூளையிலிருந்து இறங்கும் நரம்புத்தண்டு.

கதவின் கீலைத் திறந்து மூடச் செய்து, "இதுபோல் உன் உடம்பில் எங்கே?" என்று கேட்டோம். முழங்காலை மடக்கிக் காட்டினாள். கொட்டாங்கச்சிக்குள் ஒரு பந்தை வைத்துச் சுழற்றினோம். சற்று யோசித்துத் தோளைச் சுழற்றினாள். பப்பாளி இலைக் காம்பை மூன்று துண்டுகளாக நறுக்கி, உள்ளே நூல் விட்டு நுனியில் கட்டி இழுத்ததும், அது விரலைப்போலவே மடங்கிற்று. தன் கையை எண்ணிப் பார்த்தாள்: கட்டைவிரலில் இரண்டு, மற்ற விரல்களில் மும்மூன்று, ஆக 14. உள்ளங்கையையும் மணிக்கட்டையும் சேர்த்தால் ஒரு கைக்கு 27 எலும்புகள்!

சுறாவுக்கு எலும்பே கிடையாது, உள்ளதெல்லாம் குருத்தெலும்புதான் என்றோம். "குருத்தெலும்புன்னா?" என்றாள். அவளுடைய காது மடலை மடக்கிக் காட்டினோம். தொட்டிலில் கிடந்த தம்பியின் உச்சிக்குழியை ஆச்சி மெல்லத் தடவிக் காட்டினார். மண்டையோட்டின் எலும்புகள் அங்கே இன்னும் ஒன்றோடொன்று நெருங்கிச் சேரவில்லை. சிசுவுக்கு ஏறக்குறைய 300 எலும்புகள். அவை கூடிக் கூடியே 206 ஆகின்றன. மனப்பாடம் செய்த எண்ணுக்கு அப்போதுதான் பொருள் பிறந்தது.

கடைசியாக, ஒரு கோழிக்கால் எலும்பைக் காடியில் ஊறப்போட்டு, காடியை இடையில் மாற்றிக்கொண்டே வந்தோம். ஒரு வாரத்தில் அது ரப்பரைப்போல் வளைந்தது! எலும்புக்கு உறுதி தரும் சுண்ணச்சத்தைப் புளிப்பு கரைத்துவிட்டது. மிஞ்சியது வளையும் நார்ச்சதை மட்டுமே. கேழ்வரகும் எள்ளும் பாலும் முள்ளோடு தின்னும் சாளையும் எதற்கு என்பதை இதற்குமேல் உபதேசம் செய்யவேண்டியதில்லை.

இது நாம் கண்டுபிடித்த புது முறையன்று. கைத்தொழில் மூலமாகவே கல்வி அமைய வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வார்தா மகாநாட்டில் வற்புறுத்தினார். இத்தாலிய மாதரசி மரியா மாண்டிஸோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, குழந்தையின் அறிவு கையின் வழியாகவே வளர்கிறதென்று நம் ஆசிரியர்களுக்குப் போதித்தார்.

"கருவிகளுக்குப் பணம் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய ஊர் தூத்துக்குடி. நாம் மேலே சொன்ன சாமான்களில் சீமையிலிருந்து வரவேண்டியது எது? நூற்கட்டையும் கொட்டாங்கச்சியும் மீன்முள்ளும் இல்லாத வீடு இங்கே உண்டா? இதுவே சுதேசி எலும்புக்கூடு!

இதைச் சொல்ல வெட்கப்படத்தக்க காரணமும் ஒன்று உண்டு. உலகத்து வைத்தியக் கல்லூரிகளுக்கெல்லாம் அசல் எலும்புக்கூடுகளை அனுப்பிய தேசம் நம்முடையது. கல்கத்தாவிலிருந்து வெகுகாலம் அந்த வியாபாரம் நடந்தது. கேட்பாரற்ற ஏழைகளின் எலும்புகளே விலை போயின. குழந்தைகளின் எலும்புகள்கூடத் தப்பவில்லை. 1985-இல்தான் இந்திய அரசாங்கம் அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. எலும்பு என்றால் பேய் என்று பழகிய மனம், அது ஒரு மனிதருடையது என்பதை எளிதில் மறந்துவிடுகிறது. குழந்தையின் பயத்தைப் போக்கினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் மரியாதையை வளர்க்கவேண்டும்.

அதற்கும் இந்த ஜில்லாவிலேயே ஓர் இடம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் பண்டைத் தமிழர் தம் முன்னோரைத் தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். 1876-இல் ஜெர்மானியரான ஜாகர் அங்கே தோண்டி, பாண்டங்களோடு எலும்புகளையும் மண்டையோடுகளையும் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2023-இல் அங்கே திறக்கப்பட்ட காட்சிக்கூடத்தில் கண்ணாடித் தளத்தின்மீது நின்றவாறே, தாழிகளை அவை இருந்த இடத்திலேயே பார்க்கலாம்.

ஊர் திரும்புமுன் ஆச்சியையும் குழந்தையையும் அங்கே அழைத்துச் சென்றோம். குழந்தை கண்ணாடியின்மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தத் தாழிக்குள்ள இருந்தவங்களுக்கும் 206 தானா?"

"ஆமாம், அம்மா."

"விரல்லயும் 14 தானா?"

"அதே 14 தான்."

தன் கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு ஆச்சியின் விரல்களைப் பற்றிக்கொண்டு, "அப்போ இவங்க பேயில்ல ஆச்சி, ரொம்பப் பழைய ஆச்சிங்க!" என்றாள்.