தந்தையின் கார் சிங்கப்பூருக்குப் போகுமா?

தகப்பனார் ஆசையோடு வைத்திருந்த காரை விற்க மனம் வராது. சிங்கப்பூரில் வேலையாக இருக்கும் பிள்ளைகள் சிலர், அதை அங்கே கொண்டுபோய்ப் பதிந்துகொள்ளலாமே என்று எண்ணுகிறார்கள். அந்நாட்டு விதியைச் சற்றுக் கேளுங்கள்.

வெளிநாட்டில் ஓடிய காரை அங்கே பதிய வேண்டுமானால் அதன் வயது 3-க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் கதவு அடைபட்டுவிடும். மறுபடி திறப்பது 35 வயதில், 'கிளாசிக்' வண்டி என்ற பெயரில்! முதன்முதலில் பதிவான நாளிலிருந்து வயதைக் கணக்கிடுகிறார்கள்.

என் பழைய மாணவன் ஒருவனின் தந்தை விட்டுச்சென்றது 1998-இல் பதிவான புரோட்டான் வீரா. பிள்ளைக்கு அதுதான் அப்பா. ஆனால் 2033 வரை அதற்கு வழியில்லை என்று அறிந்ததும் அவன் முகம் வாடிவிட்டது. அந்நாளில் தோட்டங்களில் ஓடிய மோரிஸ் மைனருக்கோ வயது ஒரு தடையே அல்ல. விசித்திரம்தான்!

அப்படியே நுழைந்தாலும், கிளாசிக் திட்டத்தில் உள்ள வண்டியை ஆண்டுக்கு 45 நாள்களுக்கு மேல் சாலையில் ஓட்ட முடியாது. தினமும் வேலைக்குப் போய்வர அது உதவாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், உறவினர் கல்யாணத்துக்கும் போய்வரலாம். அதற்காக இத்தனை செலவா என்பதை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசிவிட்டு, பிறகு ஏஜெண்டிடம் முன்பணம் கொடுங்கள்.