சனி மந்தன்தானா?

2025 மார்ச்சில் சுனாபட்டியில் எங்கள் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு: சனிப்பெயர்ச்சி எப்போ? திருக்கணிதப்படி மார்ச் 29ன்னு ஒரு வீட்டில். வாக்கியப்படி 2026 மார்ச் 6தான்னு எதிர்வீட்டில். நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம். அதைக் காரணம் காட்டி, எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுபோனது. ஜோசியம் சரியா தப்பா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் இவ்வளவு பயப்படுகிறோமே, அந்தச் சனி எப்படிப்பட்டது, நம் பூமியோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிசு என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டாமா? பல ஆண்டு அறிவியல் வாத்தியாராக இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். மந்தன் என்றும் பெயர். சூரியனை ஒரு முறை சுற்றிவர அதற்குச் சுமார் 29 1/2 ஆண்டு ஆகிறது. 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை. நாம் நடுங்குகிற ஏழரையின் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறும் கண்ணால் பார்த்தே இதைக் கண்டுகொண்டார்களே, அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

மெதுவாக நடப்பதற்குக் காரணம் தூரம். எங்கள் ஹார்பர் லைனை வைத்தே சொல்கிறேன். சுனாபட்டி பிளாட்பாரத்தின் ஒரு முனையில் அரை மீட்டருக்குச் சற்று அகலமான தாம்பாளம் ஒன்றைச் சூரியனாக வையுங்கள். அங்கிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு மிளகு, அது பூமி. சனியை வைக்க குர்லா பக்கமாகத் தண்டவாளத்தோடு சுமார் 570 மீட்டர் போக வேண்டும். அங்கே ஒரு எலுமிச்சம்பழம். குறுக்கே ஒன்பது மிளகுக்கு மேல் அடுக்கலாம். வெயில் அங்கே நமக்குக் கிடைப்பதில் சுமார் 90ல் ஒரு பங்குதான்.

சரி, நடையில் மந்தன். தன்னைத்தானே சுற்றுவதில்? ஒரு சுற்றுக்குப் பத்தரை மணி நேரம்தான்! நமக்கு ஒரு நாள் முடிவதற்குள் அங்கே இரண்டு நாள் தாண்டிவிடும். இந்த வேகத்தில் இடுப்புப் பகுதி பிதுங்கிவிட்டது. நடுக்கோட்டு விட்டம் சுமார் 1,20,500 கி.மீ.; துருவ விட்டம் 1,08,700 கி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கிட்டத்தட்ட நம் பூமியின் அகலம்.

எடைதான் இன்னும் வேடிக்கை. சனிக்குள் 760 பூமிகளுக்கு மேல் இடம் இருக்கிறது. ஆனால் எடை 95 பூமிக்குச் சமம், அவ்வளவே. பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம். கால் ஊன்றத் தரை கிடையாது. உளுந்து மாவு பதமாக அரைபட்டதா என்று தண்ணீரில் ஒரு துளி போட்டுப் பார்ப்போமே, மிதந்தால் சரி என்று? அத்தனை பெரிய அண்டா கிடைத்தால் சனியும் அப்படி மிதக்கும். அதன் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. பூமியோ தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு அடர்த்தி. சனியின் மேகத்து உச்சியில் நிற்க முடிந்தால் உங்கள் எடை ஏறக்குறைய இங்கே இருப்பதுதான். 95 மடங்கு கனம் இருந்தும், மையத்திலிருந்து அத்தனை தூரம் தள்ளி நிற்பதால் இழுப்பு நீர்த்துப் போகிறது.

வளையத்துக்கு வருவோம். தூசி முதல் வீடு பரிமாணம் வரை உள்ள பனிக்கட்டித் துண்டுகள் கோடிக்கணக்கில் சுற்றுகின்றன. முக்கிய வளையங்களின் மொத்த அகலம், முனைக்கு முனை, 2,73,000 கி.மீ. நமக்கும் சந்திரனுக்கும் நடுவில் அடக்கிவிடலாம். தடிமனோ பல இடங்களில் பத்து மீட்டர் அளவுதான், மூன்று மாடிச் சால் உயரம். அதனால் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பும்போது வளையமே காணாமல் போகிறது. 2025 மார்ச் 23ல் அப்படித்தான் ஆயிற்று. பெயர்ச்சிக்கு ஆறு நாள் முன்பு! அப்போது சனி சூரியன் பக்கத்தில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. அந்த நவம்பரில் எங்கள் மொட்டை மாடிக்கு இளைஞர்கள் கொண்டுவந்த தொலைநோக்கியில் பார்த்தேன். மணியில் ஊசி கோத்த மாதிரி ஒரு கோடு.

பூமி 23.4 பாகை சாய்ந்திருக்கிறது, சனி 26.7. எனவே அங்கும் பருவங்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஏழு ஆண்டுக்கு மேல். (இங்கேயும் ஏழரை எட்டிப் பார்க்கிறது!)

2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலம்தான் பெரும்பாலான விவரங்களைத் தந்தது. அது சுமந்துபோன ஹைகன்ஸ் 2005 ஜனவரி 14ல் டைட்டன் என்னும் துணைக்கோளில் இறங்கியது. நம்மைவிட அடர்ந்த காற்று, ஏரிகள், மழை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் பெய்வது மீத்தேன், குளிர் மைனஸ் 179 டிகிரி. 2025 மார்ச் கணக்கில் சனிக்கு 274 துணைக்கோள்கள். நமக்கு ஒரே நிலா.

பயம் இன்னும் போகாதவர்களுக்கு ஒரு கணக்கு. சனி நமக்கு மிக அருகே வரும்போதுகூட 120 கோடி கி.மீ. தாண்டித்தான் நிற்கிறது. அப்போது நம் உடம்பின் மேல் அதன் ஈர்ப்பு, பூமியின் ஈர்ப்பில் 40 கோடியில் ஒரு பங்கு. கல்யாணப் பேச்சு நின்ற அந்த வீட்டிலும் இதைச் சொன்னேன். பெண்ணின் அம்மா, “உங்க கணக்கு சரிங்க அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டுக்கு யாரு சொல்றது?” என்றார்கள்.

2026 அக்டோபர் 4 வாக்கில் சனி, சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. மும்பையில் மழை மேகம் விலகும் காலம். மாலை இருட்டியதும் கிழக்கே, மினுக்காமல் மஞ்சளாக நிற்கும். வளையம் பார்க்க 30 மடங்கு பெருக்கும் சிறு தொலைநோக்கி போதும். பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.