ஊசியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்

டாட்டூ கடையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் டிசைனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "அண்ணா, ஊசி பாக்கெட்டை என் முன்னாடியே பிரிங்க." ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய அந்த ஊசி, முத்திரை உடையாத தனி உறையில் வரும். கிருமி நீக்கிய விவரம், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் உறை மேலேயே அச்சாகியிருக்கும். உறை முன்கூட்டியே கிழிந்திருந்து, "இப்பதான் தம்பி பிரிச்சு வெச்சேன்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்த முன்பணம் போனால் போகட்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. டாட்டூ என்பது ஒரு புண். மேல்தோலைத் தாண்டி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், ரத்தக் குழாய்கள் ஓடும் அடுக்கில் மை போய்த் தங்குகிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கக் கூடியது. முந்தைய வாடிக்கையாளரின் ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலே தொற்றிவிடும். "வெந்நீரில் போட்டு எடுத்தோம்", "டெட்டால் ஊற்றித் துடைத்தோம்" என்பதெல்லாம் இதற்குப் போதாது. திரும்பப் பயன்படுத்தும் உலோகப் பிடிகளை 121 டிகிரி சூட்டில், நீராவி அழுத்தத்தில் ஆட்டோகிளேவ் செய்திருக்க வேண்டும். இயந்திரத்துக்கும் ஒயருக்கும் ஒவ்வொருவருக்கும் புதிதாக பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும். நடுவில் போன் பேசினால் கையுறையை மாற்றிக்கொண்டுதான் மறுபடி உங்களைத் தொட வேண்டும். மாற்றாவிட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. சிறு வயதில் போடாதவர்கள் டாட்டூ ஆசை வந்ததுமே இதைத் தொடங்கிவிடலாம். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. அதற்கு நம்மைக் காப்பது புது ஊசி ஒன்றுதான்.

மையிலும் ஆபத்து உண்டு. 2011, 2012-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு டாட்டூ போட்ட இடத்தில் சிவந்த தடிப்புகள் கிளம்பின. கலைஞர் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தார். நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையிலேயே, காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியா இருந்தது. குழாய்த் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் இந்த வகைக் கிருமிகள் இருக்கலாம் என்பதால், மையை நீர்க்கச் செய்யக் கிருமி நீக்கிய நீரைத்தான் சேர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அப்படியொரு பட்டியல் இங்கே நடைமுறையில் இல்லை. ஆகவே பாட்டிலின் லேபிளை போனில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வாமை வந்தால் தோல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். சிவப்பு மைக்கு மாதங்கள் கழித்துக்கூட அரிப்பும் தடிப்பும் வரும்.

டாட்டூ தொழிலுக்கென்று நாடு முழுவதற்கும் பொருந்தும் தனிச் சட்டம் கிடையாது. உள்ளாட்சி கொடுக்கும் தொழில் உரிமம் கலைஞரின் பயிற்சியைச் சோதித்துத் தரப்படுவதல்ல. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்து அதை வீடியோவாகவும் போட்டார்கள். வீடியோ பரவிய பிறகுதான் போலீஸ் கைது செய்தது, மாநகராட்சி கடைக்கு சீல் வைத்தது. அதுவரை கடை திறந்துதான் இருந்தது. சோதிக்க ஆள் வருவார்கள் என்று நம்பி உட்கார முடியாது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்தான் சோதிக்க வேண்டும்.

யாரெல்லாம் தள்ளிப்போட வேண்டும்? கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள். சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஊசி பட்ட இடத்திலேயே நோய் புதிதாகக் கிளம்பலாம். காது குத்திய இடமோ தடுப்பூசித் தழும்போ புடைத்து வளர்ந்தவர்களுக்கு டாட்டூவும் அப்படியே தடித்துப் போகலாம், அதிலும் நெஞ்சிலும் தோளிலும் கூடுதலாக. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், டாட்டூவுக்காகத் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவது டாட்டூவைவிடப் பல மடங்கு ஆபத்து. மச்சத்தின் மேல் குத்தவே கூடாது, பின்னால் அதில் மாற்றம் வந்தால் கண்ணில் படாது. பதினெட்டு நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதத்தோடும் குத்தாமல் இருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் படைப் பணிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ராணுவம் முன்னங்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சையை ஏற்கிறது. பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. மத்திய ஆயுதப் படைகளில் சல்யூட் அடிக்கும் வலக்கை கூடாது, இடக்கையிலும் அந்த உறுப்பின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் ஜெயித்த பையன் மருத்துவப் பரிசோதனையில் காதலியின் பெயருக்காக வெளியேறுவது வீண் இழப்பு. அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

போகும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முந்தைய நாளிலிருந்து மது கூடாது. நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் மயக்கம் வரும்.

மரத்துப்போகும் கிரீம் விஷயத்தில் மட்டும் நின்று யோசியுங்கள். லிடோகெயின் அதிகமாக உள்ள கிரீமை முதுகு முழுக்கத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மணிக்கணக்கில் வைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறும். இதயத் துடிப்பு தடம் மாறும், வலிப்பு வரும். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெயின் உள்ள இத்தகைய கிரீம்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் எச்சரித்தது. ஆன்லைனில் வாங்கிய, மருந்தின் அளவு அச்சிடாத டியூபைத் தொடாதீர்கள்.

இனி வீட்டில். கடையில் ஒட்டியது சாதாரண சமையலறை பிளாஸ்டிக் தாள் என்றால் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு அதை இரவு முழுக்க வைத்தால் புண் வெந்துபோகும். காற்று புகும் மருத்துவ ஃபிலிம் என்றால் கலைஞர் சொன்ன நாள் வரை இருக்கலாம், உள்ளே நீர் கோத்து ஓரம் கசிந்தால் உடனே எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாசனையில்லாத சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு டாட்டூவை மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். வாசனையில்லாத லோஷன் மெல்லிய பூச்சாகப் போதும். மஞ்சளும், அடுப்படியில் திறந்திருக்கும் தேங்காய் எண்ணெயும் புண்ணுக்கு வேண்டாம்.

நாலைந்து நாளில் தோல் உரியும், அரிக்கும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் போய் "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்பார்கள். கையில் வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த டியூப். அது அரிப்பை அடக்கும், கூடவே புண் ஆறுவதையும் தாமதமாக்கும், தொற்று இருந்தால் அதை மறைத்து வளர்க்கும். டியூபின் மேல் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும், மருத்துவர் எழுதித் தராத வரை திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேல்தோல் மூட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை கடல், குளம், நீச்சல் குளம் எதுவும் கூடாது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் முழுக்கு, குற்றாலச் சாரல், சபரிமலைப் பயணத்தில் பம்பைக் குளியல் என்று ஏதாவது திட்டமிருந்தால் டாட்டூவைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ வளைகுடாவில், டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் கடலில் இறங்கிய 31 வயதுக்காரர் விப்ரியோ கிருமி தாக்கி இறந்த நிகழ்வு 2017-ல் மருத்துவ இதழில் வெளியானது. அவருக்குக் கல்லீரல் நோயும் இருந்தது. குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி ஏறுவது, சிவப்பு பரவுவது, சீழ், காய்ச்சல், புண்ணிலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். பழைய ஊசி என்ற சந்தேகம் வந்தால் இன்னும் அவசரம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 1097 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. டாட்டூ போட்டவர் 12 மாதம் ரத்த தானம் செய்யக் கூடாது. முகாமில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடையின் கவனக்குறைவால் பாதிப்பு என்றால் வழி இருக்கிறது. காசு கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பொருந்தும். "எந்தப் பொறுப்பும் எங்களுடையதல்ல" என்ற படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை அணுகும் உரிமை போய்விடாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்து விளைவித்தாலோ நோய் பரப்பினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 125, 271 பிரிவுகளின் கீழ் போலீசில் புகார் தரலாம். கடையின் சுகாதாரக் கேட்டை மாநகராட்சி அல்லது நகராட்சி சுகாதார அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டு வந்துவிடாமல் கடையின் பெயர் போட்ட பில்லையும், கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பிரித்த ஊசி உறையின் படம், மை லேபிளின் படம், முதல் வாரம் தினம் ஒரு படம், மருத்துவர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் தேதியோடு ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.