ஒரு வழி அடைபட்டால் மறு வழி

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து முழுதாக இரண்டு நாள் ஆகியிருக்கவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியிருந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாயக் குறியைத் தொட்டதும் சென்னை–விழுப்புரம் தடத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். பல ரயில்கள் ரத்தாயின. ஆனால் தெற்கிலிருந்து வந்த சில ரயில்களை விழுப்புரத்தில் மேற்கே திருப்பிவிட்டார்கள். அவை திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டன.

கம்ப்யூட்டர் நெட்வொர்க் எப்படிக் கட்டப்படுகிறது என்று யாராவது கேட்டால் நான் விழுப்புரம் ஜங்ஷனைத்தான் காட்டுவேன். அங்கிருந்து ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு ஒன்று. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு நேராகப் போகும் கார்டு லைன் ஒன்று. கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் எனச் சுற்றி அதே திருச்சிக்குப் போகும் மெயின் லைன் ஒன்று. நான்காவது காட்பாடிக்கு, ஐந்தாவது புதுச்சேரிக்கு. இதில் புதுச்சேரி லைன் 1879-இல் வந்தது. இன்றுவரை புதுச்சேரி ஸ்டேஷனுக்கு அந்த ஒரே தடம்தான். நடுவில் ஓரிடத்தில் தண்டவாளம் பெயர்ந்தால் புதுச்சேரிக்கு ரயில் இல்லை. திருச்சிக்கு அந்தக் கவலை கிடையாது.

எந்தக் கருவி எதோடு இணைந்திருக்கிறது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எத்தனை வழி என்கிற இந்தக் கணக்குக்குத்தான் நெட்வொர்க் துறையில் டோபாலஜி என்று பெயர். இணைப்பின் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். கருவி என்ன விலை, என்ன வேகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்விகள்.

இந்தப் பாடத்தை நான் முதலில் கற்றது திண்டிவனத்தில், இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி, ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில். எட்டு கம்ப்யூட்டர்கள் சுவரோரமாக வரிசையாக இருக்கும். டி.வி. ஆன்டெனா வயர் போன்ற ஒரு கறுப்பு கேபிள் முதல் கம்ப்யூட்டரிலிருந்து எட்டாவது வரை மேசைகளுக்குப் பின்னால் ஓடும். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஓர் உலோகத் துண்டு. கேபிள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறி அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகும். இரண்டு கடைசியிலும் விரல் நுனி அளவில் ஒரு மூடி திருகியிருக்கும். ஒருநாள் கூட்டிப் பெருக்கும்போது கடைசி மேசை கொஞ்சம் நகர்ந்தது. அந்த மூடி கழன்று உருண்டுபோனது. எட்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அறியாமல் போயின. எங்கள் சார் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். மூடியைத் தேடி எடுத்துத் திருகியதும் எல்லாம் சரியாயிற்று.

அந்த மூடிக்கு டெர்மினேட்டர் என்று பெயர். உள்ளே இருப்பது 50 ஓம் மின்தடை, அவ்வளவுதான். கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறதல்லவா? கேபிளின் முனை திறந்திருந்தால் மின்துடிப்பும் அப்படித்தான் முனையில் மோதித் திரும்பும். திரும்பிய துடிப்பு புதிதாக வரும் துடிப்போடு கலந்து எதையும் படிக்க முடியாமல் செய்துவிடும். முனைக்கு வரும் துடிப்பை அங்கேயே விழுங்குவதுதான் டெர்மினேட்டரின் வேலை.

இப்படி ஒரே கேபிளில் எல்லோரும் தொங்கும் அமைப்புக்கு பஸ் டோபாலஜி என்று பெயர். 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரும் உருவாக்கிய ஈதர்நெட் இந்த வடிவில்தான் பிறந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இருவர் சேர்ந்து பேசிவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு கணம் காத்திருந்து, மறுபடி தொடங்குவார்கள். சிக்கனமான ஏற்பாடு. ஆனால் எங்கே அறுந்தாலும் எல்லோருக்கும் நஷ்டம்.

1990-இல் முறுக்கிய செப்பு வயரில் ஈதர்நெட்டை ஓட்டும் தரம் வந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி வயர். எல்லாம் நடுவிலுள்ள ஒரு பெட்டியில் வந்து சேரும். இது ஸ்டார், அதாவது நட்சத்திர வடிவம். இன்று பள்ளிக்கூடம், வங்கி, தாலுகா அலுவலகம் எங்கே பார்த்தாலும் இதுதான். ஒரு வயர் போனால் அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் போகும்.

அந்த வயரின் தலையில் பிளாஸ்டிக் முனையை மாட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? உறையை உரித்தால் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடி. கேபிள் வேலை செய்யும் பையன் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே விரலால் நீவி வரிசைப்படுத்துவான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பிறகு நுனியை ஒரே மட்டமாக வெட்டி, முனைக்குள் செருகி, கிரிம்பிங் டூலில் ஒரு அழுத்து. பச்சை ஜோடி மட்டும் நீல ஜோடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனப் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். நடுவிலுள்ள இரண்டு ஊசிகளையும் டெலிபோன் காலத்து வழக்கப்படி ஒரு ஜோடிக்கே விட்டுவைத்ததன் அடையாளம் அது. கம்பிகளை முறுக்கியதற்கும் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் ஜோடியின் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தொடும். பெட்டி அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். முறுக்கை அளவுக்கு மேல் பிரித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். நல்ல கைக்காரர் அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கமாட்டார். 100 மீட்டருக்கு மேல் ஒரே வயரை இழுக்கவும் மாட்டார்.

நடுப்பெட்டியிலும் இரண்டு தலைமுறை உண்டு. பழைய ஹப், வந்த செய்தியை எல்லா வயரிலும் ஒலிபெருக்கி மாதிரி அனுப்பிவிடும். இன்றைய சுவிட்ச் புது ஊருக்கு மாற்றலாகி வந்த தபால்காரரைப் போன்றது. முதல் நாள் யார் வீடு எது என்று தெரியாது. எல்லா வாசலிலும் கேட்பார். ஆனால் எந்த வாசலிலிருந்து கடிதம் வந்தாலும் அனுப்புநர் முகவரியைக் குறித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க அத்துபடி. அதன்பின் யாருக்கு வந்த கடிதமோ அவர் வாசலுக்கு மட்டும்தான் போவார்.

நட்சத்திரத்தின் பலவீனம் நடுவில் இருக்கிறது. பெட்டிக்குக் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அப்படியானால் இரண்டு பெட்டிகளை வைத்து, இரண்டு வயரால் கட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லோருக்கும் என்று அனுப்பிய செய்தி ஒரு வயரில் போய் மறு வயரில் திரும்பி, மறுபடி போய், நிற்காமல் சுற்றும்; சுற்றும்போதே பெருகும். சில விநாடிகளில் பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சிமிட்டும். நெட்வொர்க் திணறி நின்றுவிடும். ஒரு வயரின் இரு முனையையும் தெரியாமல் ஒரே சுவிட்சில் செருகினாலே இது நடக்கும். 1985-இல் இதற்கு விடை கண்டவர் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலைமையாக ஏற்கும். வளையம் உண்டாகாதபடி மிச்சமுள்ள வழியைத் தாங்களே அடைத்துவைக்கும். ஓடும் வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். ஸ்பானிங் ட்ரீ எனப்படும் இந்த ஏற்பாட்டின் முதல் வடிவத்துக்குத் திறக்க ஒரு நிமிடத்துக்கு நெருக்கமாகப் பிடித்தது. இப்போது சில விநாடிகள்தான்.

உபரி வழியின் மதிப்பை முதலில் விரிவாக எழுதியவர் பால் பாரன். 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கைகளில், ஒரே நடுவம் கொண்ட வலையையும், பல நடுவங்கள் கொண்ட வலையையும், மீன்வலை போல எங்கும் பின்னிய வலையையும் ஒப்பிட்டார். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று நான்கு இணைப்பு இருந்தாலே வலை பெரும் சேதத்தைத் தாங்கும் என்று காட்டினார். உலக இணையத்தின் முதுகெலும்பு இன்று ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. ஊர்ப்பக்கம் வர வர அது மெலிந்து ஒற்றைக் கோடாகிவிடுகிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. விழுப்புரம்–புதுச்சேரி லைனில் இருக்கும் வில்லியனூரை நடுவமாக வைத்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. டெலிபோன் லைன் சரியில்லாத ஊர்களுக்கு ரேடியோ அலை வழியாகச் செய்தி போனது. எம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம் நடந்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடலின் அலை உயரம் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. அசல் நட்சத்திர வடிவம் அது. ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்தைக் காப்பாற்றிய சேதி அந்த நடுவத்திலிருந்து வரவில்லை. சிங்கப்பூரில் வேலைபார்த்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு ஊருக்கு போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் மைய ஒலிபெருக்கியில் அறிவித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரையிலிருந்து வெளியேற்றினார்கள். நடுவத்தைத் தொடாத இன்னொரு வழி அந்த ஊருக்கு இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இப்போது நம் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் வருகிறது. 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் இது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. தொடக்கத்தில் நாடு முழுவதும் வட்டாரத்திலிருந்து ஊராட்சிக்குக் கேபிள் பெரும்பாலும் மரக்கிளை போலத்தான் போனது. சாலை வேலைக்கு வந்த ஜே.சி.பி. ஓரிடத்தில் கிளையை வெட்டினால் அதற்கப்பால் உள்ள எல்லா ஊரும் இருட்டு. பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். ரேஷன் கடையிலும் இ-சேவை மையத்திலும் கூட்டம் காத்துக் கிடக்கும். 2023-இல் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம், வட்டாரத்தையும் ஊராட்சிகளையும் வளையமாக இணைக்க வேண்டும் என்கிறது. வளையத்தில் ஓரிடம் அறுந்தாலும் மறுபக்கமாகச் செய்தி வந்துசேரும். சரியான முடிவு, தாமதமாக வந்த முடிவும்கூட.

ஆனால் வளையத்தின் இரு கைகளும் ஒரே குழியில், ஒரே கம்பத்தில் போனால் அது வளையம் ஆகாது. ஜே.சி.பி. ஒரே வெட்டில் இரண்டையும் வெட்டிவிடும். ஃபெஞ்சல் சமயத்தில் விக்கிரவாண்டிப் பக்கம் ரயில் பாலத்தை வெள்ளம் மறித்தபோது, அரசூரில் தென்பெண்ணை பெருகி நெடுஞ்சாலையையும் மறித்தது. அன்று உதவியது அந்த இரண்டிலிருந்தும் தள்ளி, திருவண்ணாமலை வழியாகப் போகும் தடம்தான். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு அறிவித்த புது ரயில் பாதை ஆண்டுகள் பல ஆகியும் முடியவில்லை. முடிந்திருந்தால் இந்த வட்டாரத்துக்கு இன்னொரு வழி இருந்திருக்கும்.

உங்கள் ஊர் கிராமசபையில் அடுத்த முறை இணைய இணைப்பு பற்றிப் பேச்சு வந்தால், வேகம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நம் ஊருக்கு எத்தனை பக்கத்திலிருந்து கேபிள் வருகிறது, இரண்டாவது எந்தச் சாலை ஓரமாக வருகிறது என்று கேளுங்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.