மணல்நாடு – 9: சேர்த்து வைத்த சுகங்கள்

சென்ற வாரம் ஜெய்சல்மேர் கோட்டைக்குள் குடியிருக்கும் குடும்பங்களைப் பார்த்தோம். இந்த வாரம் கோட்டையை விட்டு இறங்கி மேற்கே போவோம். தார்ச்சாலை முடிந்து மணல்தடம் தொடங்கும் இடத்திலிருந்து ஆங்காங்கே 'தாணி'கள் தென்படும். நாலைந்து வட்டக் குடிசைகள், முள்வேலி போட்ட ஆட்டுப்பட்டி, ஒரு வன்னிமரம், தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு தாணி என்பது அவ்வளவுதான். அடுத்த தாணிக்கு ஒரு மைலாவது நடக்க வேண்டும்.

இந்தியாவிலும் பாகிஸ்தானிலுமாக ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது தார் பாலைவனம். உலகில் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனங்களில் இது முன்வரிசையில் நிற்பது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரின் சராசரி 200 மில்லிமீட்டர் அளவுதான். கோடையில் 45 டிகிரி இங்கே செய்தியே இல்லை. 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி பதிவானது.

இப்படிப்பட்ட இடத்தில் இத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், 'பாவம், பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஜெய்சல்மேர் நகரம் உருவானது 1156-ல். பொறுத்துக்கொண்டு மட்டுமே யாரும் எட்டு நூற்றாண்டுக்கு மேல் ஓரிடத்தில் குடியிருக்க மாட்டார்கள். இங்கே சுகம் இருக்கிறது. சின்னச் சின்னதாக, நாள் முழுக்க இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு பருவத்துக்கு முன்பே யாரோ பாடுபட்டுச் சேர்த்து வைத்தவை. இந்த வாரம் அந்தச் சேமிப்பைப் பற்றித்தான்.

தண்ணீர் நடக்கும் இடம்

தாணிக்குள் நுழைந்ததும் வீட்டுப் பாட்டி என்னிடம் முதலில் சொன்னது, "செருப்பைக் கழற்றிவிட்டு வா, பேட்டா. அது நாங்கள் குடிக்கிற தண்ணீர் நடக்கிற இடம்." நான் வெறும் கட்டாந்தரை என்று நினைத்துக் கால் வைக்கப் போன இடம் 'ஆகோர்'. மழைநீர் ஓடிவருவதற்காக வட்டமாக ஒதுக்கி, சரளை பரப்பி, திமிசு போட்டுக் கெட்டித்து, நடுவை நோக்கிச் சரிவாக அமைத்த தரை. நடுவில் தரைமட்டத்துக்குச் சற்று மேலே உருண்டையாக ஒரு மூடி தெரிகிறது. அதற்குக் கீழேதான் 'டாங்கா' என்கிற நிலத்தடித் தொட்டி.

ஆகோரில் விழும் மழை சரிந்து ஓடி, தொட்டியின் விளிம்பிலுள்ள துளைகள் வழியாக உள்ளே இறங்கும். பாம்பும் பல்லியும் போகாதபடி துளைகளில் கம்பிவலை. உட்சுவரில் வழவழப்பான பூச்சு. வெயில் உள்ளே படாததால் பாசி பிடிப்பதில்லை. ஆவியாகும் நீரும் சொற்பம். குடும்பத்துக்கென்று கட்டும் டாங்காவில் 20,000 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். ஆறு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்குள் குடிநீரையும் சமையலையும் முடித்துக்கொண்டால், ஓர் ஆடி மாத மழை அடுத்த ஆடி வரை ஏறக்குறைய வந்து சேரும். மூடியில் சின்னக் கதவு, கதவில் பூட்டு. குழந்தைகள் விழாமலிருக்க ஒன்று. வீட்டில் மிக மதிப்புள்ள பொருள் அதுதான் என்பது இன்னொன்று. நெய் சிந்தினால் போகட்டும், தண்ணீர் சிந்தினால் வயிறு எரிகிறது என்ற பொருளில் மார்வாரியில் ஒரு பழமொழியே உண்டு.

மழைக்காலம் நெருங்கும்போது ஆகோரைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். ஆட்டுப்புழுக்கை, முள், சருகு எதுவும் இருக்கக் கூடாது. அப்படிப் பிடித்த நீரைத்தான் வீட்டுக்குள் 'பரிண்டா' என்ற மேடையில் மண்பானையில் வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே குளுமையான, நிழலான மூலை அதற்குத்தான். மேடைக்குக் கீழே தரையை நேர்த்தியாக மெழுகியிருந்தார்கள். பானையின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. அந்தப் பாட்டி எனக்கு ஒரு சொம்பு நீட்டியபோது வெளியே மணல் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சில்லென்று, துளிகூட உப்பில்லாமல் இருந்தது.

அந்த ருசிக்கு இங்கே பெரிய மதிப்பு. தார் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு, ஃப்ளோரைடும் அதிகம். அந்த நீரில் பருப்பு வேகாது, டீ விளங்காது. மழைநீரில் பருப்பு சட்டென்று மலர்ந்துவிடும். 'பாலர் பானி' என்ற மழைநீரில் போட்ட டீ என்று சொல்லியே விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள்.

சேர்த்து வைத்த பொருளைச் செலவழிக்கவும் ஒரு முறை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தை மணலாலும் சாம்பலாலும் தேய்த்துத் துடைத்துவிடுகிறார்கள். கயிற்றுக் கட்டில் மேல் உட்கார்ந்து குளித்து, கீழே வைத்த அகலப் பாத்திரத்தில் விழும் நீரைக் கால்நடைக்குக் காட்டும் வழக்கம் ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் உண்டு. இதை வறுமையின் அடையாளமாகப் பார்ப்பது நம் பழக்கம். பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு குடம் நீரால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று கணக்குத் தெரிந்தவர்களின் கைப்பழக்கம் அது.

அடுக்களையில் ஐந்து பண்டம்

நாட்டுப்புறவியல் அறிஞர் கோமல் கோத்தாரி ராஜஸ்தானை அரச வம்சங்களை வைத்துப் பிரிக்காமல் கம்பு, சோளம், மக்காச்சோளம் என்று தின்னும் தானியத்தை வைத்தே பிரித்துப் பார்த்தார். அந்தக் கணக்கில் மேற்கு முழுவதும் கம்பு நாடு. குளிர்காலத்தில் கம்பு மாவைக் கையாலேயே தட்டி, விறகடுப்பில் தடிமனாகச் சுட்டு, சூட்டோடு உதிர்த்து நெய்யும் வெல்லமும் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். கோடைக்கு 'ராப்'. கம்பு மாவை மோரில் கரைத்துப் புளிக்கவிட்டு, காய்ச்சி, ஆறவைத்துக் குடிப்பது. நம் ஊர்க் கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு முதல் மடக்கிலேயே இது சொந்தமாகிவிடும்.

அந்த வீட்டின் உண்மையான செல்வம் பரணில் இருந்தது. மண்கலயங்களைத் திறந்து திறந்து காட்டினார் பாட்டி. கையில் அள்ளிய காய்ந்த 'சாங்க்ரி' பழுப்பு நிறத்தில் சுருண்டு மெலிந்திருந்தது. உதிர்த்தால் சலசலவென்று சத்தம். இது கேஜ்ரி மரத்தின் பிஞ்சுக்காய். கேஜ்ரி நமக்குப் புதிய மரம் அல்ல. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் தலமரமாக நிற்கும் வன்னிதான். நம்மிடம் கோயிலில் நிற்கிற மரம், இங்கே வயலுக்கு நடுவே நிற்கிறது. மற்றச் செடிகொடிகள் எல்லாம் கருகிக் கிடக்கும் கடுங்கோடையில் ஆழத்து ஈரத்தை உறிஞ்சிக் காய்த்துத் தள்ளும். பிஞ்சாகப் பறித்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தினால் ஆண்டுக்கணக்கில் கெடாது. தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். அதன் அடியில் விதைத்த கம்பு மற்ற இடத்தைவிடச் செழிப்பாக வருகிறது. 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில், இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து அம்ருதா தேவி முதலான 363 பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள். பரணில் இருக்கும் அந்தக் கலயத்தைப் பார்த்த பிறகு, அவர்கள் காத்தது எவ்வளவு பெரிய சொத்து என்பது எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது.

இன்னொரு கலயத்தில் 'கேர்'. இலையே இல்லாத முட்புதரில் காய்க்கும், மிளகைவிடச் சற்றுப் பெரிய காய். பச்சையாக வாயில் வைக்க முடியாத கசப்பு. உப்புப்போட்ட மோரில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கசப்பை எடுத்துக் காயவைக்கிறார்கள். இவற்றோடு குமட் விதை, நறுவிலிக்காய், மாங்காய் வற்றல் சேர்த்தால் ஐந்து. அதுதான் 'பஞ்சகுட்டா'. இரவு ஊறவைத்து, வேகவைத்து, தாராளமாக எண்ணெயும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பிரட்டி எடுக்கிறார்கள். ஹோலி முடிந்த எட்டாம் நாள் சீதளா அஷ்டமி. அன்று அடுப்பு பற்றவைக்கக் கூடாது. முதல் நாள் சமைத்த பஞ்சகுட்டாவைத்தான் சாப்பிடுவார்கள். நாலு நாள் வைத்திருந்தாலும் கெடாத கறி என்பதால், வெயில் ஏறும் பருவத்துப் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. அடுத்த மழை பொய்த்தாலும் வீட்டில் கறி உண்டு என்ற தெம்பு அந்தக் கலயங்களில் இருக்கிறது.

இந்த வரிசையில் 'மதீரா'வைச் சேர்க்காவிட்டால் ராஜஸ்தான்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். கம்பு வயலில் கொடியோடும் தர்பூசணி அது. மழைக்கு முளைத்து, கார்த்திகை வாக்கில் பழுக்கும். தட்டைப் போருக்குள் புதைத்து வைத்துக் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறார்கள். பிகானேருக்கும் நாகௌருக்கும் எல்லையில் காய்த்த ஒரு மதீரா யாருக்கு என்று 1644-ல் போரே நடந்ததாகச் சொல்வார்கள். சாப்பிட்டுப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

மதியமும் இரவும்

கோடை மதியத்தில் 'லூ' என்கிற அனல்காற்று வீசும்போது தாணியில் நடமாட்டம் நின்றுவிடும். வட்டக் குடிசையின் தடித்த மண்சுவரும், கம்பந்தட்டையும் காட்டுச்செடியும் வேய்ந்த கூம்புக் கூரையும் வெயிலை வெளியே நிறுத்துகின்றன. சாணமிட்டு மெழுகிய தரையில் வெற்றுக்காலை வைத்ததுமே உடம்பு தணிகிறது. ஆண்கள் ஆட்டு மயிரையும் ஒட்டக மயிரையும் கைத்தக்ளியில் நூற்றுக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறார்கள். பெண்கள் பழந்துணிகளை அடுக்கி 'ரல்லி' தைக்கிறார்கள். ஒரு ரல்லியில் மூத்தவளின் கல்யாணப் புடவையும் பேரனின் சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எந்தத் துண்டு யாருடையது என்று தைத்தவர் விரல்வைத்துச் சொன்னார். வரும் மார்கழி இரவுகளுக்காக, சித்திரை வெயிலில் தைக்கிறார்.

பொழுது சாய்ந்ததும் வீடு வெளியே வந்துவிடும். காற்றில் ஈரமில்லை, வானத்தில் மேகமில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை மணல் மளமளவென்று வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பத்து மணிக்குக் கயிற்றுக் கட்டிலை மணல்மேட்டில் போட்டுப் படுத்தால், பகலில் கால்வைக்க முடியாத அதே மணல் கைக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று பெரியவர்கள் நட்சத்திரங்களைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

வீட்டில் விசேஷம் என்றால் மாங்கணியார் வருவார்கள். தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடி வரும் முஸ்லிம் இசைக்குடிகள் இவர்கள். மாமரக் கட்டையில் ஆட்டுத்தோல் போர்த்திய 'கமாய்ச்சா'வை வில்லால் இழுத்தால் எழும் கனத்த நாதம் அந்த மணல்வெளிக்கென்றே வாய்த்தது. அதை வாசித்த சாக்கர் கானுக்கு 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பாட்டு, அவர்களின் முன்னோர் யார் யார் என்பதெல்லாம் பாடகரின் நினைவில் இருக்கிறது. அதுவும் ஒரு சேமிப்புதான்.

சேர்க்க முடியாதது

ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சேர்க்க முடியாது: முதல் மழை. அன்று யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. பெரியவர்கள் டாங்காவின் மூடியருகே குந்தி, உள்ளே நீர் விழும் ஓசையைக் கேட்கிறார்கள். பிள்ளைகள் ஈரமணலில் ஊரும் சிவப்பு வெல்வெட் தம்பலப்பூச்சிகளை உள்ளங்கையில் ஏந்தி ஓடுகிறார்கள். மறுநாளே விதைப்பு. எண்பது, தொண்ணூறு நாளில் கம்பு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சில நாளில் சேவண் புல் தலைகாட்டும். மாட்டின் மடி கனக்கும். வன்னிக்கிளையில் தீஜ் பண்டிகைக்கு ஊஞ்சல் தொங்கும். மறுபடி எல்லாவற்றையும் சேர்க்கத் தொடங்குவார்கள்.

1958-ல் பணி தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் இன்று 649 கிலோமீட்டர் நீண்டு இமயத்து நீரைத் தார் வரை கொண்டுவருகிறது. பல தாணிகளுக்குக் குழாய் வந்துவிட்டது. தலையில் குடத்தோடு மைல்கணக்கில் நடந்த பெண்களின் கால்களுக்கு அது விடுதலை. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குழாய் வந்த வீட்டில் ஆகோரைப் பெருக்காமல் விடுவதைப் பார்க்கும்போது பதறுகிறது. குழாயில் நீர் நிற்கும் நாளில் லாரிக்குக் காத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அதைவிடப் பெரிய கவலை 'ஓரண்'கள். தெய்வத்தின் பெயரால் கிளைகூட ஒடிக்காமல் ஊர் காத்துவரும் மேய்ச்சல் காடுகள் அவை. அரசுப் பதிவேட்டில் அவற்றில் பல 'தரிசு'. தரிசு என்று எழுதிவிட்டால் எதற்கும் கொடுத்துவிடலாம். சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை. பலோடி அருகே பட்லாவில் 2,245 மெகாவாட் திறனில் அது நடக்கிறது. அதற்காகக் கேஜ்ரிகளைச் சாய்க்கும் இடங்களில் ஊர்மக்கள் மறியலுக்கு உட்கார்கிறார்கள். ஓரண்களை ஓரண் என்றே பதிவு செய்யச் சொல்லி ஜெய்சல்மேர்க்காரர்கள் நடைபயணம் போயிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஒரு வன்னிமரம் போனால் நிழல், தீவனம், பரணில் இருக்கும் கலயம் எல்லாம் சேர்ந்தே போகின்றன. பதிவேட்டில் ஒரு சொல்லைத் திருத்துவதற்கு அரசுக்குப் பெரிய செலவில்லை. அதை உடனே செய்ய வேண்டும்.

டாங்காவுக்கு ஆகாயத்து மழை போதும். மணலுக்கடியில், பல முழ ஆழத்தில் ஜிப்சம் பாறைக்கு மேல் தேங்கும் ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக எடுக்க 'குயீ' தோண்டுகிறவர்கள் வேறு. ஒரு ஆள் குந்தி உட்காரும் அகலத்துக்குள் இறங்கி, மேலிருந்து தலைமேல் மணல் சரியாமல் அவர்கள் எப்படித் தோண்டுகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)